பன்னிரண்டு சென்டிமீட்டர் அதிகம்

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, கன அளவு பாடத்துக்காகப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். மொட்டைமாடித் தொட்டியில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குறைகிறது என்று அளந்து, சூத்திரம் போட்டு லிட்டர் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் எத்தனை வாளி செலவானது என்று தனியாக எண்ண வேண்டும். இரண்டு விடையும் ஒத்துப்போக வேண்டும். இப்படி இரண்டு வாரம். தப்பு வந்தால் தொலைத்துவிடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

அளவு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. நாள் முழுக்க இரும்பு வளையங்களை அளந்து, சரியானதற்கு டிக் போட்டு, தப்பானதைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது.

கம்பெனிக்குப் பின்தெருவில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். நானும் மகளும் மட்டும். அவள் அப்பா மஸ்கட்டில். கீழ் வீடு எப்போதும் பூட்டிக் கிடக்கும். பழைய சாமான்கள் போட்டு வைத்திருப்பதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே தொட்டி. அவர் அறுபதைத் தாண்டியவர். தினமும் காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து மோட்டாரைப் போடுவார். தொட்டி நிரம்பும்வரை கீழ் வீட்டுக்குள் இருந்துவிட்டு, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவார். கையில் ஒரு டிபன் கேரியர் இருக்கும். பாவம், இந்த வயதிலும் வேலைக்குப் போகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

தொட்டியின் ஆரம் நாற்பத்தொன்பது சென்டிமீட்டர். ஏழால் வகுபடும் என்று மகளுக்கு ஒரே குஷி. ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் ஏழரை லிட்டர். எங்கள் வாளிக் கணக்கு நூற்றைம்பது லிட்டர், ஆகவே இருபது சென்டிமீட்டர் குறைந்திருக்க வேண்டும். மோட்டார் போடுவதற்கு முன் அவள் குச்சியை விட்டுப் பார்த்தாள். முப்பத்திரண்டு.

மறுநாளும் முப்பத்திரண்டு. அதற்கு மறுநாளும். குச்சியைச் சாய்த்துப் பிடித்திருப்பாள், வாளியை எண்ணாமல் விட்டிருப்பாள் என்று கத்தினேன். அளக்கத் தெரியாதவளுக்கு எதற்கு ஜியாமெட்ரி பாக்ஸ் என்றுகூடக் கேட்டேன். நோட்டில் ஒவ்வொரு முப்பத்திரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு பேனாவால் பெருக்கல் குறி போட்டேன். நான்காம் நாள் நானே ஏறி அளந்தேன். முப்பத்திரண்டுதான். ஒரு ஆள் புழங்குகிற தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

பிளம்பரை வரவழைத்தேன். அரை நாள் குழாய் குழாயாகத் தடவிப் பார்த்துவிட்டு, லீக் இல்லை, யாரோ யூஸ் பண்ணுகிறார்கள் என்று சொல்லிப் போய்விட்டான். அன்று மகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, கீழ யாரோ இருக்காங்கம்மா. பக்கெட்ல மக்கு மோதுற சத்தம் கேக்குது."

"பூட்டுன வீட்ல யாருடி இருப்பா? கணக்கு வரலன்னா பேய் மேல பழி போடுவியா?" என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் தொட்டியருகே போய் நின்றோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. திடீரென்று அடியில் குழாய் முனகியது. தண்ணீர் லேசாக நடுங்கி, குச்சியில் ஈரக்கோட்டை விட்டுவிட்டு மெல்லக் கீழே இறங்கியது. அரைவாளித் தண்ணீர் போயிருக்கும். பிறகு நின்றுவிட்டது. மகள் என் கையைப் பிடித்தாள். நான் அதை உதறிவிட்டு, பழைய ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறது என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

மறுநாள் காலை வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தார். "பழைய பைப்புமா, அப்படித்தான் இருக்கும்," என்றவர், பாப்பா தினமும் அளந்துதான் ஆகணுமா என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் விட்டுவிட்டேன்.

இரண்டாம் வாரம் புதன்கிழமை அவர் வரவில்லை. போனும் ஸ்விட்ச் ஆஃப். நானே மோட்டாரைப் போட்டேன். வியாழக்கிழமை குச்சி இருபத்தாறு காட்டியது. வெள்ளிக்கிழமை இருபது. கச்சிதமாக இருபது! "பாத்தியா, ஒழுங்கா பிடிச்சா ஒழுங்கா வருது" என்று அவள் கன்னத்தைக் கிள்ளி, நோட்டில் பெரிதாக டிக் போட்டேன். சனிக்கிழமையும் இருபது. இன்னொரு டிக்.

அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள் மகள். "நான் அளக்கறத மாத்தவே இல்லம்மா," என்றாள். "இப்பதான் எனக்கு பயமா இருக்கு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நினைவுக்கு வந்தது. செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினேன். கதவைத் தட்டினேன், ஜன்னலைத் தட்டினேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எதிர் கோடவுன் ஆட்கள் கம்பியோடு வந்து பூட்டை உடைத்தார்கள்.

உள்ளே பழைய சாமான் எதுவும் இல்லை. ஒரு கட்டில், கொடியில் துவைத்துக் காயப்போட்ட இரண்டு புடவைகள், குழாயடியில் ஒரு வாளி. குளியலறை வாசலில் ஒரு வயதான அம்மா விழுந்து கிடந்தார். உயிர் இல்லை. வீட்டுக்காரரின் அக்கா. பேச்சு நின்று பல வருஷமாகிவிட்டதாம். கதவு திறந்திருந்தால் எங்காவது நடந்து போய்விடுவாராம், அதனால் வெளியே பூட்டி வைத்திருக்கிறார். புதன்கிழமை காலை டிபன் கேரியரோடு வரும் வழியில் லாரி இடித்து, வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். இதெல்லாம் போலீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்த அம்மா வியாழக்கிழமை விடிவதற்குள்ளேயே விழுந்திருக்க வேண்டும், ஆனால் உயிர் போய் ஒரு நாள்கூட ஆகவில்லை என்று டாக்டர் சொன்னதாகப் போலீஸ்காரர் சொன்னார். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை காலை நான் முதல் டிக் போட்டபோது, எங்கள் காலுக்குக் கீழே அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

அந்த நோட்டு இப்போதும் வீட்டில் இருக்கிறது. அவர் குளித்து, துணி துவைத்து, தண்ணீர் குடித்த நாள்களுக்கெல்லாம் நான் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.