ராசாத்தி கத்தரிக்காய் வாங்கப் போன மாசி மாதம்

புதுக்கோட்டையில் ஜாக்கெட் தைக்கும் ராசாத்தி, ஐம்பது வயதை எட்டும்வரை உழவர் சந்தைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. கணவர் இருந்த காலத்தில் காய் வாங்குவது அவர் வேலை. ஒன்பது வருடத்துக்கு முன் அவர் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். பிறகு மகள் அருணாவும் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனாள். ஒற்றை ஆளுக்கு எதற்கு அடுப்பைப் பற்றவைப்பது என்று ராசாத்தி சமையலையே விட்டுவிட்டாள். காலையில் கடை இட்லி, மதியம் பார்சல் சாப்பாடு, ராத்திரி இரண்டு வாழைப்பழம். அடுப்பில் டீ கொதிக்கும், அவ்வளவுதான். அதில் அவளுக்குப் பெரிய வருத்தமும் கிடையாது. நாக்கு ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

பக்கத்து வீட்டு ஷர்லி தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாசி பிறந்த புதிதில் ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாக வந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, சந்தைக்குப் போறேன். வண்டியில பின்னால ஒக்காந்து பையப் புடிச்சுக்க ஒரு ஆள் வேணும். வா."

"எனக்கு என்னத்தடி வாங்கணும் அங்க?"

"நீ ஒண்ணும் வாங்க வேணாம். பைய மட்டும் புடி."

ராசாத்தி தலையை வாரி முடிந்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள். குளிரும் இல்லை, வெயிலும் இல்லை. வேப்பமரங்கள் பூத்திருந்தன, வண்டி போகிற வழியெல்லாம் அந்தக் கசந்த வாசம் கூடவே வந்தது.

சந்தைக்குள் நுழைந்ததும் அவளுக்குக் கண் எங்கே நிற்பதென்று தெரியவில்லை. ஒரு பக்கம் மாவடு, காம்பு பால் காயாமல் கும்மென்று மணத்தது. அதற்கு அடுத்து பச்சை மொச்சை. அங்கிட்டுப் பார்த்தால் பலாப்பிஞ்சு, இங்கிட்டுப் பார்த்தால் விரல் நீள வெள்ளரிப்பிஞ்சு. ஒரு கிழவர் வெள்ளரி ஒன்றை ஒடித்துத் தின்னச் சொல்லி நீட்டினார். கடித்தாள். 'நறுக்'கென்று சத்தம் அவள் காதுக்குள்ளேயே கேட்டது. அந்த நொடியில் என்ன ஆனதோ, தூங்கிக்கொண்டிருந்த நாக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டது. மொச்சை வாங்கினாள், மாவடு வாங்கினாள், மணத்தக்காளிக் கீரை வாங்கினாள். எதற்கென்றே தெரியாமல் ஒரு பலாப்பிஞ்சும் வாங்கினாள். ஷர்லியின் பையெல்லாம் நிறைந்துபோய், ஷர்லி வாங்கிய தக்காளிக்கு இடமில்லை.

"அக்கா, பையப் புடிக்கத்தான கூப்பிட்டேன்!"

"சும்மா இருடி. அந்தா கத்தரிக்காயப் பாரு."

ஊதாவும் வெள்ளையும் வரி வரியாக ஓடிய நாட்டுக் கத்தரி, காம்பில் முள்ளோடு குவிந்து கிடந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துண்டு, முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்க, வாங்க! இப்பத்தான் பறிச்சது. செடியில இருந்து எறங்குன தூக்கமே இன்னும் கலையல பாருங்க!"

ராசாத்தி ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "காரல் அடிக்குமா?"

"ஆக்கித் தின்னு பாருங்க. காரல் அடிச்சா நாளைக்கு வந்து என்னைய நல்லா வஞ்சிட்டுப் போங்க."

மறுநாள் ராசாத்தி பஸ் பிடித்துத் தனியாகவே வந்தாள். சந்தையில் யாருக்கும் நிலையான இடம் கிடையாது, விவசாயிகள் வந்து சேர்கிற வரிசைக்குத்தான் கடை. அதனால் தேட வேண்டியிருந்தது. கடைசி வரிசையில் அந்தத் துண்டைக் கண்டதும் நேரே போய் நின்றாள்.

"வைய வந்திருக்கேன்."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "காரல் அடிச்சிருச்சுங்களா?"

"இல்ல. ரெண்டு நாளைக்கு வரும்னு எண்ணெயில வதக்கி வச்சேன். ஒரு வேளையில சட்டியக் காலி பண்ணிட்டேன். ராத்திரி பூரா மூச்சு விட முடியல. எல்லாம் ஒங்களாலதான்."

பக்கத்துக் கடையில் கீரை விற்ற செவந்தி வாய்விட்டுச் சிரித்தாள். அவர் சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டு ஆடியது. அவர் பெயர் சோலையப்பன், குளத்தூர்ப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், மனைவி இறந்து ஆறேழு வருடம், ஒரே மகன் ஆனந்தராஜ் துபாயில் வேலை. இதெல்லாம் அந்த வாரத்துக்குள் ராசாத்திக்குத் தெரிந்துபோயிற்று. அவள் கேட்கவே இல்லை. கத்தரிக்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் ஒரு மனிதர் எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவும் அவர் பேசினார்.

அப்புறம் அது தினப்படியாயிற்று. ஒருநாள் கத்தரி, ஒருநாள் அவரைக்காய், ஒருநாள் பூசணிக் கீற்று. அவள் ஒருத்திக்கு எவ்வளவுதான் வேண்டும்? ஷர்லி வீட்டுக்குக் குழம்பு போயிற்று. மாடி வீட்டுக்குக் கூட்டு போயிற்று. ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் கையில் ஒரு டப்பா பொரியலோடு திரும்பினார்கள். தெருவில் எந்த வீட்டைத் திறந்தாலும் கத்தரிக்காய் வாசம். ராசாத்தியின் சொந்த ஜாக்கெட்டுகள் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தன. ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றிலும் பக்கத் தையலைப் பிரித்து விட்டாள். பிரிக்கும்போது தன்னையறியாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

அதை ஜன்னல் வழியே கேட்ட ஷர்லி சும்மா விடுவாளா? "அக்கா, உண்மையச் சொல்லு. நீ காய பாக்கப் போறியா, காய்க்காரர பாக்கப் போறியா?"

"போடி, வேலையத்தவளே!" என்றாள் ராசாத்தி. ஆனால் ஊசியில் நூல் கோர்க்க அன்று அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

மாசி முடியப் போகிற சமயம். ஒருநாள் சந்தையில் அந்தத் துண்டைக் காணோம். முதல் சுற்றில் ஏதோ ஞாபகத்தில் தவறவிட்டோம் என்று நினைத்தாள். இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு கடையாக நின்று பார்த்தாள். மூன்றாவது சுற்றில் செவந்தியே கூப்பிட்டாள்.

"ஏக்கா, யாரத் தேடுற? சோலையப்பண்ணனா? அவரு முருங்க மரத்துல ஏறி, கெளை ஒடிஞ்சு விழுந்துட்டாருல்ல! கால்ல மாவுக்கட்டு."

"அய்யய்யோ! யாரு பாத்துக்கறா?"

"தம்பி வீட்ல இருந்து சோறு வருதாம். காய் பறிக்கத்தான் ஆளு இல்ல. அம்புட்டும் செடியிலயே முத்திப் போகும்னு பொலம்பிக்கிட்டு இருக்காராம்."

ராசாத்தி எதிர்க் கடையில் கத்தரிக்காய் வாங்கினாள். வீட்டுக்கு வந்து அரக்கப் பரக்கக் குழம்பு வைத்தாள். தன் தையல் கடையில் 'இன்று விடுமுறை' என்று எழுதித் தொங்கவிட்டு, தூக்குவாளியோடு குளத்தூர் பஸ்ஸில் ஏறினாள். பாதி வழி போன பிறகுதான் 'நான் யாருன்னு போய் நிக்கிறேன்?' என்ற கேள்வியே வந்தது. வெட்கம் காது வரை ஏறியது. ஆனாலும் இறங்கவில்லை.

சோலையப்பன் வாசலில் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தார். அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, வலியில் கத்தி, உடனே சிரித்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார்.

"நீங்களா! இம்புட்டுத் தூரம்!"

"சாப்பிடுங்க மொதல்ல."

ஒரு வாய் வைத்தவர் நிறுத்தினார். "இது நம்ம காய் இல்லயே."

"நீங்க வரல. நான் என்ன பண்றது?"

"யாரு கடையில வாங்குனீங்க?"

"எதிர்க்கட."

"அவங்கிட்டயா!" என்று பெருமூச்சு விட்டார். பின் வாளியைக் காலி செய்தார். "கொழம்பு நல்லாருக்கு. காய்தான் சுமாரு."

தோட்டம் வீட்டுக்குப் பின்னால்தான். ராசாத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவள் பிறந்தது டவுனில், செடியிலிருந்து ஒரு காயும் பறித்தவள் இல்லை. எலைக்கடியில் ஒளிஞ்சிருக்கும், நல்லா குனிஞ்சு பாருங்க என்று கட்டிலில் இருந்தபடியே அவர் கத்தினார். இலையை விலக்கினால் ஒன்று, அடுத்ததில் மூன்று. முள் குத்தியது. குத்தக் குத்த அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு சாக்கு நிறைந்தபோது கை முழுக்கக் கீறலும் நெற்றி முழுக்க மண்ணும்.

பஸ்ஸில் கண்டக்டர் மறித்தார். "அக்கா, லேடீஸுக்கு டிக்கெட் ஃப்ரீ. மூட்டைக்கும் ஃப்ரீன்னு யாரு சொன்னா?"

"இதுக எல்லாம் பொம்பளப் புள்ளைகதான் தம்பி," என்றாள் ராசாத்தி.

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துக்கொண்டே மூட்டையைப் பின்பக்கம் இழுத்துவிட்டார். வாயைத் திறந்து ஒரு பஸ் நிறைய ஆட்களைச் சிரிக்க வைத்தது தான்தானா என்று ராசாத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டே வந்தாள்.

சந்தையில் விற்க அவளிடம் விவசாயி அட்டை கிடையாது. அதனால் தையல் கடை வாசலிலேயே கொட்டினாள். பங்குனி கல்யாணங்களுக்கு ஜாக்கெட் கொடுத்தவர்கள் வந்துபோய்க்கொண்டிருந்த நேரம். பட்டு ஜாக்கெட்டுக்குக் கழுத்து எவ்வளவு இறக்கம் என்று பேசிக்கொண்டே கத்தரிக்காய் நிறுத்தாள். "அக்கா, ஊக்கு வைக்கணும்" என்று வந்தவளுக்கு ஊக்கும் வைத்து அரைக்கிலோவும் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் சாக்கு காலி. அவருக்குப் போன் போட்டாள். காய் விற்ற கதை முடிந்தும் போன் முடியவில்லை. அந்த மூன்று வாரமும் அப்படித்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளத்தூர், மறுநாள் வாசல் வியாபாரம், சாயங்காலம் போன்.

பங்குனியில் கட்டுப் பிரித்ததும் சோலையப்பன் ஆட்டோ வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கையில் ஊன்றுகோல், கக்கத்தில் பலாப்பிஞ்சு. என்ன சொல்வதென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தபடி வந்திருப்பார் போல, உள்ளே வந்ததும் எல்லாம் மறந்துபோய் நின்றார். ராசாத்திதான் டேப்பை எடுத்தாள்.

"நேரா நில்லுங்க. சட்டைக்கு அளவு எடுக்கணும்."

"வெளிய லேடீஸ் டெய்லர்னுல்ல போர்டு போட்டிருக்கு?"

"போர்டு கெடக்கட்டும். கைய நீட்டுங்க."

நீட்டினார். அவள் தோளை அளந்தாள்.

"இப்ப என்னத்துக்குங்க எனக்குச் சட்ட?"

"கல்யாணத்துக்கு."

"யாரு கல்யாணம்?"

"ஒங்க கல்யாணந்தான்."

"பொண்ணு யாருன்னு கேக்கலாங்களா?"

"பொண்ணுதான் அளவு எடுத்துக்கிட்டு இருக்கு. ஆடாம நில்லுங்க, தப்பா வந்திரும்."

ஊன்றுகோல் கீழே விழுந்தது, பலாப்பிஞ்சும் விழுந்து தையல் மிஷினுக்கு அடியில் உருண்டோடியது. இருவருமே குனியவில்லை. தைத்த ஜாக்கெட்டை வாங்க வந்து அடுத்த அறையில் காத்திருந்த ஷர்லி கைதட்டிய சத்தத்தில்தான் சுயநினைவு வந்தது.

அருணாவுக்கு ராசாத்தி போனில் சொன்னாள்.

"அம்மா, அவருக்குச் சமைக்கத் தெரியுமா?"

"ரசம் வைப்பாராம்."

"அப்ப சரிம்மா," என்று சொல்லிவிட்டு அருணா அழுதாள், பின் சிரித்தாள். சனிக்கிழமையே பஸ் ஏறி வந்துவிட்டாள். துபாயிலிருந்து ஆனந்தராஜ், சட்டையோடு பேண்ட்டும் தைத்துப் போடச் சொல்லுங்கப்பா, வேட்டி கட்டிக்கொண்டு மரம் ஏறினால் இப்படித்தான் என்றான். இறந்துபோன கணவரின் அண்ணன் மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான் மாமா எனக்கு நேரம் கெடச்சுச்சு," என்றாள் ராசாத்தி. அவர் காபியைக் குடித்துவிட்டுப் போனார், கல்யாணத்துக்கும் வந்தார்.

திருமயம் கோயிலில் தாலி கட்டினார்கள். செவந்தி ஒரு கூடை கீரையை மொய்யாகக் கொண்டுவந்தாள். அருணா கார் பிடிக்கிறேன் என்று சொல்லியும் கேளாமல், இருவரும் மாலையும் கழுத்துமாகக் குளத்தூருக்குப் பஸ்ஸிலேயே புறப்பட்டார்கள். பின் சீட்டில் ஒரு குழந்தை மாலையிலிருந்து பூவைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. சோலையப்பன் ஏதோ சொல்ல ராசாத்தி சிரித்தாள், அவள் சிரிக்கிறாளே என்று அவரும் சிரித்தார். இறங்க வேண்டிய இடம் போய் வெகுதூரம் தாண்டிய பிறகுதான் பார்த்தார்கள்.

இறக்கிவிட்ட இடத்தில் ஒரு புளியமரத்தைத் தவிர ஒன்றும் இல்லை. கால் வலிக்குமே, ஆட்டோ வரச் சொல்லவா என்று அவள் கேட்டாள். அவர் வேண்டாம் என்றார். எதிரே வந்த டிராக்டர்க்காரன் மாலையைப் பார்த்து வண்டியை நிறுத்தி, "எங்கிட்டுப் போறீங்க?" என்றான். இருவரும் வைக்கோல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். வண்டி தூக்கிப் போட்ட ஒவ்வொரு பள்ளத்துக்கும் ராசாத்தி 'ஏ' என்று கூவினாள்.