கணவாய் நல்லாத்தான் இருந்தது, செஃப்

1. மூக்கு

தாம்பரம் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பெரிய ஹோட்டல். அதன் முதல் மாடியில் ஜப்பானிய உணவகம். அங்கே எட்டு வருடம் டெப்பன்யாகி செஃப்பாக இருந்தேன். பெயர்தான் பெரிது. விருந்தினர் உட்காரும் மேஜையே ஒரு நீளமான தோசைக்கல், அவ்வளவுதான். மூன்று பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நாம். அவர்கள் கண் முன்னால் வெட்டி, வதக்கி, ஸ்பேச்சுலாவைச் சுழற்றிக் கொஞ்சம் வித்தையும் காட்டி, சுடச்சுடத் தட்டில் வைக்க வேண்டும்.

மற்றவர்கள் கேட்டரிங் காலேஜ் சர்டிபிகேட்டோடு வந்தார்கள். நான் கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மூக்கோடு வந்தேன். அம்மா மீன் விற்றவள். மீன் கூடைக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு எது நேற்றையது, எது முந்தாநாளையது என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். எங்கள் எக்ஸிக்யூட்டிவ் செஃப், காலையில் சரக்கு வந்து இறங்கும் ரிசீவிங்கில் எல்லோர் முன்னாலும் சொல்வார்: "இவன் மோந்து பாத்து ஓகேன்னா ஓகே. வேற ரிப்போர்ட் எனக்கு வேணாம்." அதைக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியது உண்மை.

போன வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் எழுந்து காப்பி குடித்தால் வெறும் வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. பூண்டை நசுக்கி மூக்குக்கு நேராகப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. பம்மலில் நான் போகும் டாக்டர், "சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது, பொறுத்துப் பாருங்க" என்றார். பொறுத்தேன். செஃப்பிடம் மட்டும் சொல்லவில்லை. மூக்கை நம்பி வைத்த ஆளை, மூக்கு போன பிறகு எதற்கு வைத்துக்கொள்வார்கள்?

சமாளிக்கலாம் என்றுதான் தோன்றியது. பூண்டை நிறம் பார்த்து எடுத்தேன். வெண்ணெய் கருகப் போவதைச் சத்தத்தில் பிடித்தேன். மீனுக்குக் கண் பார்த்தேன், செவுள் பார்த்தேன், விரலால் அழுத்திப் பார்த்தேன். மூன்று மாதம் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் சுத்தம் செய்து வரும் கணவாய் மீனுக்குக் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை. வெள்ளை வெளேரென்று இருக்கும். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

2. செம்பாக்கத்திலிருந்து வந்தவர்கள்

ஒரு வார நாள், மதியம். என் மேஜையில் இரண்டே பேர். ரிட்டையர் ஆன கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும். செம்பாக்கத்தில் வீடு. கல்யாண நாளுக்காகப் புனேயில் இருக்கும் மகன் ஆன்லைனில் புக் செய்திருந்தான். அந்த அம்மா பட்டுப் புடவை கட்டியிருந்தார். நான் ஸ்பேச்சுலா நுனியில் முட்டையை உடைத்தபோது சின்னப் பெண் மாதிரி கை தட்டினார்.

இறால் போனது. அடுத்தது கணவாய். அதை அரை நிமிடத்துக்கு மேல் கல்லில் விட்டால் ரப்பராகிவிடும். போட்டதும் புரட்டி, சோயா சாஸ் ஊற்றி, இருவர் தட்டிலும் வைத்தேன். அம்மா முந்தானையை மூக்கருகில் கொண்டுபோனார்.

"புகை வருதாம்மா? எக்ஸாஸ்ட்டக் கூட்டச் சொல்லவா?" என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. நல்லாத்தான் இருக்கு," என்று சிரித்தார்.

வாத்தியார் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு அவர் பங்கையும் தன் தட்டில் போட்டுக்கொண்டு கடைசித் துண்டு வரை சாப்பிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் கைப்பக்குவம் பிடித்துப்போய் இரண்டு பங்கு சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். போகும்போது இருவரும் என்னோடு நின்று ஒரு செல்ஃபி எடுத்தார்கள்.

3. போன்

இரண்டு நாள் கழித்து வாத்தியார் ஹோட்டலுக்குப் போன் செய்தார். சண்டை போட அல்ல. மனைவிக்கு வாந்தி, பேதி நிற்கவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்கிறார் என்றாராம். செஃப் என்னைக் கூப்பிட்டு, "அன்னைக்குப் போட்ட கணவாய் எப்படி இருந்துச்சு?" என்றார்.

"பாத்துட்டு வந்து சொல்றேன் செஃப்."

கோல்டு ரூமில் அதே டப்பாவில் மீதி இருந்தது. அன்று மதியத்துக்குப் பிறகு யாரும் கணவாய் கேட்கவில்லை. டப்பாவைப் பாத்திரம் கழுவும் அக்காவிடம் எடுத்துப்போய், "மோந்து பாருக்கா" என்றேன். மூடியைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னாப்பா இது? இந்த நாத்தம் நாறுது. உனக்குத் தெர்ல?"

"சளி பிடிச்சிகினு கீதுக்கா," என்றேன். டப்பாவோடு குப்பையில் போட்டேன். போய்ச் செஃப்பிடம், "கணவாய் நல்லாத்தான் இருந்தது செஃப். காலைல நான்தான் மோந்து பாத்தேன்," என்றேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை. ஹோட்டலிலிருந்து வாத்தியாருக்கு, எங்கள் சாப்பாட்டில் குறை இல்லை என்று மரியாதையாகப் பதில் போயிற்று.

மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து இன்னொரு போன். "உங்களச் சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். ஃப்ரண்ட் ஆபீஸ் பெண் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். எனக்கு அன்று ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

4. அந்த வீடு

புக்கிங்கில் இருந்த நம்பருக்குப் பேசி, அடுத்த லீவ் நாளில் செம்பாக்கம் போனேன். நான் யார் என்று தெரிந்ததும் வாத்தியார் சந்தோஷமாக உள்ளே கூப்பிட்டார். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் ஊதி, கையில் ஊசி போட்ட இடமெல்லாம் கறுத்திருந்தது. ஏற்கெனவே சர்க்கரை உள்ள உடம்பு. அந்தப் பேதியில் கிட்னி பாதிக்கப்பட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றார்.

மேஜையில் மெஸ் சாப்பாட்டுப் பொட்டலம் இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் கவனித்தார்.

"எல்லாம் என்னாலதான் சார். அன்னைக்கு ஹோட்டல்லேர்ந்து வந்து, சாயங்காலம் முந்தின நாள் சாம்பாரச் சூடு பண்ணி நான்தான் ஊத்துனேன். எனக்குப் பசி இல்ல, அவ மட்டும் சாப்பிட்டா. உங்க சாப்பாட்டுல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. அப்போ வேற என்ன? அதுக்கப்புறம் நான் அடுப்பத் தொடல."

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கு போனது, டப்பாவைக் குப்பையில் போட்டது, செஃப்பிடம் சொன்ன பொய், எல்லாம்.

அவர் என்னைத் திட்டவில்லை. மனைவி பக்கம் திரும்பினார். "நீ மொத நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டேதான் இருந்தே, அங்கயே வாடை வந்துச்சுன்னு. என்னைத் தேத்தத்தான் சொல்றேன்னு நெனச்சேன்."

அம்மா என்னைப் பார்த்துப் பேசினார். குரல் மெலிந்து போயிருந்தது. "ஜப்பான் சாப்பாடு இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன் தம்பி. மத்த ஹோட்டல்னா அப்படியே தட்டுல வெச்சுட்டு வந்திருப்பேன். நீ எதிர்லயே நின்னியே. அவரும் தள்ளிட்டாரு. உன் மூஞ்சி வாடிப் போயிடுமேன்னுதான்..."

அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. வாத்தியார் கதவு வரை வந்து, "நீங்க கெளம்புங்க. இனிமே வராதீங்க," என்றார். அப்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை.

மறுநாள் செஃப்பிடம் சொன்னேன். வேலை போயிற்று. இப்போது பெருங்களத்தூரில் ஒரு கேன்டீனில் காய் வெட்டுகிறேன். மூக்கு இன்னும் திரும்பவில்லை.

கிச்சனுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் சொல்வது இதுதான். கண்ணோ, காதோ, மூக்கோ, எது பழுதானாலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வேலை போய்விடும் என்று பயமாகத்தான் இருக்கும். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடமும் எப்படி இருக்கிறது என்று கேட்டு, அவர் சிரித்தாலும் இன்னொரு முறை கேளுங்கள். நான் கேட்டது புகையைப் பற்றி மட்டும்தான். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் அந்த அம்மா உண்மையைச் சொல்லியிருப்பாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.