மூன்றாம் வாசலில் தட்டும் சத்தம்

மண்ணுக்குப் பசிக்குமா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்.

நம் சுரங்க ரயில் நிலையத்தின் மூன்றாம் வாசலைப் பேய் வாசல் என்கிறோமே, அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் படிக்கட்டைத் துடைக்கும் ஒருத்தி நிமிர்ந்து பார்ப்பாள். நீங்கள் சொல்லும் பேயின் பெண்டாட்டி அவள்தான்.

அவள் புருஷனை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். இந்த நிலையத்துக்கு மண் வெட்டியவன். எவ்வளவு குனிந்து நடந்தாலும் இரும்புச் சட்டத்தில் தலையை இடித்துக்கொள்வான். "மன்னிச்சுக்கப்பா" என்று சட்டத்தைத் தடவிக் கொடுப்பான். கூட இருப்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

ஒரு நாள் சாப்பிட வந்தவனின் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"வேர்வை இப்படியா இருக்கும்?"

"சுவர்ல தண்ணி கசியுதுடி. மேஸ்திரிகிட்ட சொன்னேன். திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு, பேசாம தோண்டுங்கிறான்."

மறுநாள் சுவர் சரிந்தது. அவன் உடலை எடுத்துக் கொடுத்தார்கள், காரணத்தைக் கொடுக்கவில்லை. அங்கே தண்ணீரே கிடையாது, ஆள்தான் கவனமில்லாமல் இருந்துவிட்டான் என்றது கம்பெனி. ஊர் இன்னும் ஒருபடி மேலே போனது. "பெரிய வேலை இல்லையா, மண்ணு காவு வாங்கிடுச்சு." பழியைச் செத்தவன் மேல் போட்டார்கள், மண் மேல் போட்டார்கள். மேஸ்திரியின் சட்டையில் ஒரு தூசி படவில்லை.

நிலையம் திறந்ததும் சத்தம் தொடங்கியது. மூன்றாம் வாசலில், சுவருக்குப் பின்னால், டொக், டொக், டொக். ஜனங்கள் வேறு வாசலுக்குப் போனார்கள். அவளோ அங்கேயே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். யாரும் இல்லாதபோது துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைப்பாள். சுவர் அதிரும். பேயாகவாவது இருக்கிறானே என்று தோன்றும். அந்த நினைப்புக்கு நான் அவளைத் திட்ட மாட்டேன். உண்மையைப் பிடுங்கிக்கொண்டவர்கள் அவளுக்கு விட்டுவைத்தது அது ஒன்றுதான்.

அவர்களுக்கு ஒரு மகள். அவள் வளர்ந்தாள். கல்லூரியிலிருந்து வரும்போது முந்தின நிலையத்திலேயே இறங்கி, வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தாள். ஏன் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பா ஏம்மா இன்னும் தட்டுறாரு? நாம என்ன தப்பு பண்ணோம்?"

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் அணைத்துக்கொண்ட பேய், பெற்ற மகளைத் துரத்துகிறதே!

மறுநாள் பழுது பார்க்க வந்த மெக்கானிக்கை மறித்தாள். "அண்ணே, உள்ள என்னதான் இருக்கு?"

அவர் அந்தச் சுவரில் இருந்த இரும்புக் கதவைத் திறந்தார். "பேய்தான். வால்வு தேஞ்ச பேய். பம்பு ஓடும்போது தட்டுதுக்கா."

"பம்பு எதுக்கு?"

"ஊத்துத் தண்ணி வருதே. இறைக்கலைன்னா ரயிலுக்குப் பதிலா படகுதான் விடணும்."

"எப்பலேருந்து?"

"கட்டுன நாள்லேருந்து."

கதவுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிய குழியில் கையை விட்டாள். சில்லென்று இருந்தது. அந்தச் சட்டையின் அதே சில்லிப்பு.

அன்று சாயங்காலமே மகளைக் கையோடு கூட்டிவந்து கதவுக்கு முன்னால் நிறுத்தினாள். மகள் எட்டிப் பார்த்தாள்.

"இதான் தட்டுச்சா?"

"இதான்டி. தண்ணி இல்லவே இல்லைன்னாங்களே, அந்தத் தண்ணி. உங்கப்பா சொன்ன தண்ணி."

இருவரும் நிலைய மேலாளரிடம் போனார்கள். அந்தச் சுவரில் ஒரு பலகை வேண்டும், அவன் பெயரும் செத்த காரணமும் அதில் இருக்க வேண்டும் என்றார்கள்.

"பேரு போடலாம்மா. காரணம் வேண்டாமே, ஜனங்க பயந்துடுவாங்க."

"பேய்க்கு மட்டும் பயப்படலாமா சார்?" என்றாள் மகள்.

பலகை இன்னும் வரவில்லை. மகள் இப்போது மூன்றாம் வாசல் வழியாகத்தான் வெளியே வருகிறாள். அம்மாவுக்குச் சத்தம் என்னவென்று தெரியும். தெரிந்தும், அது கேட்கும்போது கை தானாகச் சுவருக்குப் போகிறது.

நாளை நீங்களும் அந்த வாசலில் இறங்குங்கள். சத்தம் கேட்டால் ஓடாதீர்கள். நேராகப் போய் மேலாளர் அறைக் கதவைத் தட்டுங்கள். "தோண்டச் சொன்னது யார்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை தட்டுங்கள்.