வேப்பிலை பறித்த மாசிமா

பக்கத்து வீட்டில் கத்திரிக்காயோடு வேப்பிலை வதங்கும் வாசனை வந்தால், மனசு கல்கத்தாவில் நாங்கள் இருந்த டாக்குரியா வீட்டுக்கு ஓடிவிடும். தொண்ணூறுகளில் அங்கே தெருவெல்லாம் தட்டம்மை. பேங்க் அதிகாரியான அப்பா வாசலில் வேப்பிலையைக் கட்டிவிட்டு, "பாப்பாவுக்கு ஊசி போட்டா ஆத்தா கோவிச்சுப்பா" என்று, தங்கைக்கு ஊசி போடக் கிளம்பிய அம்மாவை மறித்தார்.

நாங்கள் மாசிமா (பெரியம்மா) என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி அம்மாளோ, "நல்ல கொழுந்து, வதக்கலாம்" என்று அதிலேயே ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டாள். அப்பா பதறினார்.

அம்மா சிரித்துவிட்டாள். "அவங்க வேப்பிலையையும் திங்கறாங்க, பேரனுக்கு ஊசியும் போட்டாச்சு. ஆத்தா கோவிச்சாளா? வெள்ளம் வருமுன் அணை போடுன்னு பேங்க்ல ஊருக்கே சொல்வீங்களே!"

அப்பா வாயைத் திறப்பதற்குள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டாள். "ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க சோத்தை வடிங்க."

இன்றும் ஊசியைப் பழிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான். பேசி மாளாது; பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும்.