பச்சை வண்டியின் வயிறு

சம்பூர்ணத்துக்கு வயது நாற்பத்தொன்று. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடமாகத் தோல் செக்கிங் செய்கிறாள். மேசைமேல் விரித்த தோலைக் கையால் தடவிப் பார்த்து, எந்த இடம் ஷூவின் மேல்பாகத்துக்கு, எந்த இடம் லேஸுக்கு அடியில் வரும் நாக்குக்கு என்று குறி போடுவது அவள் வேலை.

எங்கள் ஊர் ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு சாலையில் பதினாறு கிலோமீட்டர். கம்பெனி பஸ் காலை 7.20க்குத் தெருமுனைக்கு வந்துவிடும். எங்கள் பக்கம் ஏழு பேர்தான் ஏறுகிறார்கள் என்று ஜூன் முதல் அந்த பஸ்ஸை நிறுத்துவதாக 2025 மே 20 அன்று நோட்டீஸ் ஒட்டினார்கள். டவுன் பஸ்ஸில் போனால், 8.30க்குள் நுழைய வேண்டிய கம்பெனி கேட்டுக்குப் பத்து நிமிடம் பிந்தும். மாதத்தில் மூன்று முறை பிந்தினால் செக்கிங் மேசையிலிருந்து தூக்கி பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள். அட்டைப்பெட்டி மடிக்கிற வேலைக்குப் போக அவளுக்கு விருப்பமில்லை.

மே 25, ஞாயிறு காலை மூன்று விளம்பரத் தாள்களோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, டேனரி கேட்டுல முப்பத்தாறு வருஷம் டைம் எழுதுன கை உங்களுது. இதையும் கொஞ்சம் எழுதிப் பாருங்க."

கட்டம் போட்டு எழுதினேன். பெட்ரோல் ஸ்கூட்டர் 98,000; கிலோமீட்டருக்கு இரண்டேகால் ரூபாய். நம்பர் பிளேட்டே தேவையில்லாத, மணிக்கு 25 கிலோமீட்டர் போகிற சின்ன எலெக்ட்ரிக் வண்டி 58,000. பெரிய எலெக்ட்ரிக் வண்டி 1,16,000. கிலோமீட்டருக்கு முப்பது பைசா. அவள் கையில் சீட்டுப் பணம் அறுபதாயிரம். எங்கள் தெருவில் கரண்ட் நின்ற நேரங்களை நான் குறித்து வருகிறேன். முந்தைய ஆண்டில் அதிகபட்சமாக நின்றது 5 மணி 40 நிமிடம். அதனால் சார்ஜுக்குக் கவலையில்லை.

"சின்னதை வாங்கிடும்மா" என்றேன்.

"நேர்ல பாக்காம எப்டி மாமா? வாங்க, போய்ட்டு வந்துடலாம்."

பைபாஸ் பக்கத்துக் கடையில் வசந்த் என்ற விற்பனையாளன் பெரிய வண்டியைத் தட்டிக் காட்டினான். "இது பச்சை வண்டிக்கா. நம்பர் பிளேட்டே பச்சை. ஒரு சார்ஜுக்கு நூத்திப்பத்து கிலோமீட்டர்."

"பச்சையா? எத்தினி நாளு தாங்கும்?"

அவன் விழித்தான். நான் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் பச்சை என்றால் பதனிடாத தோல். உப்புப் போடாவிட்டால் மறுநாளே நாறும்.

சம்பூர்ணம் சிரிக்கவில்லை. "இதுக்கு உப்பு இன்னா? எது இல்லன்னா கெட்டுப்பூடும்?"

வசந்த் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னான். "சார்ஜ் சுத்தமா இறங்கற வரைக்கும் வுடக்கூடாதுக்கா. வெயில்ல போட்டு வைக்கக்கூடாது."

"இப்ப வயித்தைக் காட்டு."

"எதை?"

"தோல்ல முதுகு எப்பவும் நல்லாத்தான் இருக்கும், அதைத்தான் எல்லாரும் காட்டுவாங்க. வயித்துப் பக்கந்தான் தொளதொளன்னு இருக்கும். நாங்க மொதல்ல அதைத்தான் தடவுவோம். நூத்திப்பத்துங்கறது முதுகு. மூணு வருஷம் கழிச்சு, பின்னாடி ஒரு ஆள ஏத்திகினு, மேட்டுல எத்தினி ஓடும்?"

என் கட்டத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. "அதை ஓட்டினவங்களைத்தான் கேக்கணும்க்கா" என்றான் வசந்த். சின்ன வண்டிக்கும் அதையே கேட்டாள். ஒன்றரை வருடத்தில் அதன் பேட்டரியை மாற்ற வேண்டியிருக்கும் என்று அவன் ஒப்புக்கொண்டான். நான் சின்ன வண்டியின் வரியை அடித்தேன்.

கடையின் பின்புறம் சர்வீஸ் கொட்டகை. கலீமுல்லா என்ற பிஸ்கட் ஏஜென்ட் தன் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுக்க வந்திருந்தார். அதே பெரிய வண்டிதான், இரண்டு வருடம் எட்டு மாதம் ஓடியது. சம்பூர்ணம் அதைச் சுற்றி வந்தாள். சீட்டின் ஓரத்தைக்கூடத் தடவிப் பார்த்தாள்.

"பாய், எங்க ஊர் வரைக்கும் ஒரு தடவ போய்ட்டு வர்லாமா?"

"தாராளமா போம்மா. சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துடு, அவ்ளோதான்."

தம்பியின் மொபெட் ஓட்டிப் பழகியவள், லைசென்ஸும் இருக்கிறது. நான் பின்னால் உட்கார்ந்தேன். கிளம்பும்போது சார்ஜ் 91. ஊருக்குப் போக 31 நிமிடம் ஆனது. திரும்பிக் கடை வாசலில் நின்றபோது 38. முப்பத்திரண்டு கிலோமீட்டருக்கு 53 சதவீதம். முழு சார்ஜுக்கு அறுபது வரும். நூற்றுப்பத்து என்றவர்கள் எங்கே, இது எங்கே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் முகம் மலர்ந்திருந்தது. "அறுபது போதும் மாமா. எனக்கு வேண்டியது முப்பத்திரண்டு. வயித்துத் தோலை நாங்க தூக்கிப் போடறதில்லியே, நாக்குக்கு வெச்சுடுவோம்." பிறகு கலீமுல்லாவிடம் திரும்பினாள். "பாய், கடையில இதுக்கு எவ்ளோ தர்றாங்க?"

"முப்பத்தெட்டாயிரம்."

"நான் நாப்பத்தாறு தர்றேன்."

வசந்த் தலையில் கை வைத்தான். "யக்கா, என் கடையிலியே நின்னுகினு என் பொழைப்புல கை வைக்கறியே!"

"நீதானப்பா பச்சைய வாங்குன்னு சொன்ன. எனக்குப் பதம் பண்ணதுதான் வேணும்."

கலீமுல்லா வாய்விட்டுச் சிரித்தார். பேட்டரி கேரண்டி இன்னும் நான்கு மாதம்தான், புதிய பேட்டரி நாற்பதாயிரத்துக்குக் கம்மியாக வராது என்று நான் அவளிடம் சொன்னேன்.

"தெரியும் மாமா. மீதி பதினாலாயிரம் அதுக்குத்தான். மாசாமாசம் பெட்ரோல் போடாம மிஞ்சறதையும் அதோட சேத்துடறேன். அதுவரைக்கும் மேசை என்னுது."

ஜூன் 2, திங்கள் காலை 7.25க்குப் பச்சை பிளேட் வெளுத்த அந்த வண்டி என் வீட்டைத் தாண்டியது. அன்று மாலை அவள் வாசலில் நிறுத்தி, கேட்டில் 7.58 என்று பதிவானதைச் சொன்னாள். குறித்துக்கொண்டேன். சார்ஜ் எவ்வளவு மீதி என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்: "அதே தொண்ணூத்தொண்ணுல கெளம்பி, மீதி நாப்பத்தெட்டு. பின்னாடி ஒரு ஆள் எடை கொறஞ்சுதே!"