உத்தரவு கிடைக்காத சித்திரை

எங்கள் சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் ராஜாவிடம் போய் நிற்கும். "ராஜா குடுத்த பூமியாக்கும்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். எந்த ராஜா என்று கேட்டால் ஆளுக்கொன்று வரும். பெரியப்பாவுக்கு மதுரை, மாமாவுக்கு மைசூர். அடிதடி வராத குறை. ஒத்துப்போகிற சங்கதி ஒன்றுதான்: தெலுங்கு தேசத்திலிருந்து பிழைக்க வந்த எங்கள் முன்னோருக்கு ஆனைமலை அடிவாரத்தில் ஒரு காட்டைக் காட்டி, வெட்டித் திருத்திக் குடியிருந்துகொள்ளுங்கள் என்று யாரோ ஒரு ராஜா கொடுத்தார். வந்தவர்கள் கொண்டுவந்த தெலுங்கு இன்று தேய்ந்து, வீட்டில் கோபத்துக்கும் ரகசியத்துக்கும் மட்டும் மிச்சமிருக்கிறது. பூமி மட்டும் தேயவில்லை.

அந்தக் காட்டில் அதுவரை யார் இருந்தார்கள் என்பது பேச்சில் வராது. இருந்தவர்கள் எங்கேயும் போய்விடவில்லை. எங்கள் தோப்புக்கு மேலே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் அவர்களுடைய பதி இருக்கிறது. மலைச்சனங்களின் குடியிருப்பை எங்கள் பக்கம் பதி என்போம். கீழே இருந்ததை ராஜா எங்களுக்குக் கொடுத்தார். பிற்பாடு மேலே இருந்ததை வெள்ளைக்கார சர்க்கார் தேயிலைத் துரைகளுக்குக் கொடுத்தது. நடுவில் மிஞ்சிய பாறைச் சரிவு அவர்களுக்கு. செத்துப்போனவர்கள் மட்டும் கீழேயே இருந்தார்கள். எங்கள் தோப்பின் கடைசியில் ஓடையை ஒட்டி அவர்கள் புதைக்கிற இடம் இருந்தது. அங்கே எங்கள் வீட்டில் யாரும் தென்னை வைத்ததில்லை.

சித்திரை ஒண்ணாம் தேதி எங்கள் நிலத்தில் முதல் ஏர் பூட்டுவோம். எல்லாம் தென்னையாகிவிட்ட பிறகும் இதற்கென்றே கிணற்றுமேட்டில் ஒரு துண்டு நிலம் வெறுமனே கிடக்கும். அன்று காலை பதிக்குத் தலைவரான மூப்பன் தனியாக இறங்கி வருவார். எங்கள் அப்பா, கல்யாண வீட்டில் கூட யாருக்கும் துண்டை எடுக்காத மனுசன், தோளிலிருந்து துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஏர் பூட்டலாமுங்களா?" என்று கேட்பார். மூப்பன் குனிந்து ஒரு பிடி மண் எடுப்பார். கொஞ்ச நேரம் வைத்திருந்து அப்பாவின் கையில் போடுவார். "இந்த வருசம் பூட்டுங்க" என்பார். இதுதான் உத்தரவு. அதன் பிறகுதான் மாடு நகரும். மறுநாள் அதே மூப்பன் தேங்காய் பொறுக்க வந்தால் அப்பா "எங்கடா போனே இத்தன நேரம்" என்று கத்துவார். எங்களுடைய பேர்போன மரியாதை அவருக்கு வருசத்தில் அரைநாள்தான் கிடைத்தது.

நம்முடைய நிலத்துக்கு நாமே எதற்குக் கேட்கிறோம் என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "ராஜா காலத்து மரியாத கண்ணு" என்றார். அம்மா சொன்னது வேறு. முன்னோரில் ஒருவர் ஒரு வருசம் உத்தரவு கேட்காமல் ஏர் பூட்டினாராம். அவருக்குப் பிறந்த பிள்ளை எதுவும் தங்கவில்லையாம். நாங்கள் எல்லாம் அவருடைய தம்பி வழி. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்பவள் நான். துடியலூரில் அடுக்குமாடியில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது சுலபம்.

போன ஐப்பசியில் அப்பா போய்ச் சேர்ந்தார். கோயமுத்தூரில் மோட்டார் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, தோப்பைக் கையில் எடுத்தான். ஓடைப்பக்கம் காட்டேஜ் கட்டி, பட்டணத்து ஆட்களைச் சனி ஞாயிறுக்கு வரவழைக்கப் போவதாகச் சொன்னான். என்னிடம் கையெழுத்துக் கேட்டான், போட்டேன். கெட்டவன் இல்லை. வீட்டில் அப்போது எல்லோருக்கும் மனசு வேறொன்றில் இருந்தது. கல்யாணமாகி ரொம்ப வருசம், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கின பிறகு, தம்பி பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள். அம்மா அவளைத் தரையில் கால் வைக்க விடாத குறைதான்.

தை மாதம் தம்பி தோப்பைச் சுற்றிக் கம்பிவேலி போட்டான். பதிக்காரர்கள் புதைக்கப் போகிற தடத்தில் ஒரு கம்பிக்கதவு வைத்தான். சாவி வாட்ச்மேனிடம். "வேணுங்கறப்ப சொன்னாத் தொறந்து விடப்போறோம், இதுல என்னக்கா இருக்குது" என்றான். எனக்கும் அப்போது இதில் என்ன இருக்கிறது என்றுதான் பட்டது.

மாசியில் மூப்பனின் பெண்டாட்டி இறந்துபோனாள். தூக்கிக்கொண்டு இறங்கி வந்திருக்கிறார்கள். வாட்ச்மேன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆனைமலைக் கோயிலுக்குப் போயிருந்தான். தம்பி கோயமுத்தூரில். உச்சிவெயில் வரை கதவுக்கு முன்னால் அவளை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்ப மேலே தூக்கிப்போய்ப் பாறைக்கு நடுவில் எங்கேயோ புதைத்தார்கள். கேள்விப்பட்டதும் தம்பி போனில் வருத்தப்பட்டான். "ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல" என்றான். யாருடைய போனிலிருந்து என்று நான் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டான்.

சித்திரை பிறந்தது. மூப்பன் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். தம்பி பக்கத்து ஊரிலிருந்து மாடு வரவழைத்திருந்தான். அப்பா செய்தது போலவே துண்டை இடுப்பில் கட்டி, குறை வைக்காமல் கேட்டான். மூப்பன் குனிந்து மண்ணை எடுத்தார். எடுத்தவர் நிமிர்ந்து தோப்பின் கடைசிப் பக்கம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தம்பி கையை நீட்டியபடி நின்றான். மூப்பன் அந்த மண்ணை வேட்டி நுனியில் முடிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் மேலே ஏறிப் போய்விட்டார்.

 தம்பி சிரித்தான். "வயசாயிப்போச்சு, சொல்ல மறந்துட்டுப் போறாரு" என்று மேழியைப் பிடித்தான். "வேண்டாங் கண்ணு" என்றாள் அம்மா. அவன் ஒரு சால் ஓட்டி முடித்துவிட்டுத்தான் நின்றான். அம்மா அதைப் பார்க்கவில்லை. மருமகளின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போயிருந்தாள்.

அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, பனிக்குடத்தில் தண்ணீர் கொஞ்சம் கம்மி, பயப்பட ஒன்றுமில்லை, நிறையத் தண்ணீர் குடிக்கட்டும் என்றார். அம்மாவுக்கு முதல் பாதி மட்டுந்தான் காதில் விழுந்தது. அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. எனக்குப் போன் போட்டு, "நீ போயி உத்தரவு வாங்கிட்டு வந்துரு கண்ணு. அவன் போகமாட்டான்" என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லையே அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. மறுநாள் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

தடம் அடைபட்டிருந்ததால் ஓடைக்கு மறுகோடியில் வேலியைச் சுற்றிக்கொண்டு ஏறினேன். இத்தனை வருசத்தில் நான் பதிக்குள் கால் வைத்ததில்லை. மூப்பன் வாசலில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழப் பார்த்தவரை உட்காரச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் மருமகள் வரக்காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"அன்னிக்கு ஏனுங்க ஒண்ணுஞ் சொல்லாம வந்துட்டீங்க?" என்றேன். "கோவமுங்களா?"

"கோவமெல்லாம் இல்லீங்க அம்மணி. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

"எப்பவும் சொல்றதுதானுங்களே."

"நானுங்களா குடுக்கறேன்?" என்றார் அவர். பிறகு நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு சித்திரைக்கும் விடிவதற்கு முன்னால் அவர் ஓடைப்பக்கம் இறங்கிப் போய், புதைத்திருக்கிற தன் சனங்களுக்குப் பக்கத்தில் உட்காருவாராம். கீழ் வீட்டுக்காரர்கள் ஏர் பூட்டப் பார்க்கிறார்கள், விடலாமா என்று கேட்பாராம். "மனசுல ஒண்ணு தோணுமுங்க. அதத்தான் வந்து சொல்லுவேன். எங்கப்பனும் அப்படித்தான், அவனுக்கு அப்பனும் அப்படித்தான். இந்த வருசம் கதவு பூட்டிக் கெடந்துச்சு. அவங்களக் கேக்காம நான் எப்படிங்க சொல்றது?"

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. எடுத்துப்போன மண்ணை என்ன செய்தார் என்று கேட்டேன்.

"எம்பொண்டாட்டியப் பொதச்ச எடத்துல வெச்சு, அவளக் கேட்டுப் பாத்தனுங்க. ஒண்ணுந் தோணல. அவ புதுசு. தனியா வேற கெடக்கறா. அவளுக்கு என்ன தெரியும்?"

 ஒரு கம்பிக்கதவைப் போட்டு நாங்கள் எதைப் பூட்டிவிட்டோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இன்னிக்கே கதவத் தொறக்கச் சொல்றனுங்க" என்று படபடத்தேன். "தம்பிகிட்ட நான் பேசறேன். நீங்க போயி அவங்களக் கேளுங்க. கேட்டுட்டு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. எங்க ஊட்டுல ஒரு கொழந்த வரப்போகுதுங்க."

அவர் என் தோளுக்குப் பின்னால், கீழே பார்த்தார். நான் வந்ததிலிருந்தே அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. திரும்பினேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் தோப்பு முழுசாகத் தெரிகிறது. ஓடையை ஒட்டி மஞ்சள் பொக்லைன் ஒன்று கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் செம்மண் குவிந்திருந்தது. தம்பியின் வெள்ளைச் சட்டை அந்தக் குவியல் மேல் நின்றது.

"நேத்திருந்து தோண்டறாங்க" என்றார் மூப்பன். "இனி யாரக் கேக்கறதுங்க?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்தால் சொல்லுங்கள் என்பது போலக் கேட்டார். நான் எழுந்து கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். "குடுத்தாங்களா?" என்றாள். ஓடைப்பக்கம் தோண்டுவதைச் சொன்னேன். மூப்பன் கேட்டதையும் சொன்னேன். அம்மா அழவில்லை, யாரையும் திட்டவில்லை. உள்ளே போய் மருமகளின் துணிகளைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அடுத்த மாதம் வளைகாப்பு முடித்து அந்தியூரில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை.

"என்னங்கத்தை, இன்னிக்கேவா?" என்றாள் அவள்.

"இன்னிக்கே போயிரு கண்ணு" என்று அம்மா அவளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டுபோய் என் காரில் உட்காரவைத்தாள். அதற்குள் தம்பி தோப்பிலிருந்து வந்துவிட்டான். முழங்கால் வரை செம்மண். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று சிரித்தபடியே பெண்டாட்டியின் பக்கம் கதவைத் திறக்கக் கையை நீட்டினான். அம்மா குறுக்கே போய் நின்றாள்.

"காலக் கழுவிட்டு வா" என்றாள். "அவளத் தொடாத."

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். குழாயடிக்குப் போனான். அவன் தண்ணீரைத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டதும் அம்மா என்பக்கம் திரும்பி, "வண்டிய எடு" என்றாள்.