குங்குமச் சிமிழில் இருந்த காது

சித்தப்பாவின் காதுக் கருவிகளை முதன்முதலாகத் துப்புரவு செய்ய எடுத்தபோது, என்னுடன் வேலை செய்யும் ஜெர்மன் பெண் பதறிப்போனாள். ஒலி உள்ளே போகும் ஊசிமுனைத் துளைகள் சிவந்திருந்தன. இரத்தம் என்றே நினைத்துவிட்டாள். அது குங்குமம். கடையில் கொடுத்த அருமையான பெட்டியை அலுமாரிக்குள் பத்திரப்படுத்திவிட்டு, கருவிகளைச் சித்தியின் பழைய எவர்சில்வர் குங்குமச் சிமிழுக்குள் போட்டுச் சாமித்தட்டில் வைத்திருந்தார் மனுசன். அதை அவளுக்கு ஜெர்மன் மொழியில் விளக்கி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. துளைகளையும் துடைத்து, சிமிழையும் மூலைமுடுக்கெல்லாம் துடைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

நான் ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரில் காதுக் கருவி பொருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். டொக்டர் ஆவாள் என்று காத்திருந்த குடும்பத்தில் இந்தத் தொழிலுக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்யப் போனவள் என்பதால், சொந்தக்காரர்களுக்கு நான் ‘காதுக்காரி’. அப்பாவின் தம்பியான சித்தப்பா, இரும்புத் தகடு அழுத்தும் தொழிற்சாலையில் ஆண்டுக்கணக்காக நின்றவர். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றுதான் குறைப்பட்டார். சித்தி குரலை உயர்த்திச் சமாளித்தார். பிறகு சித்தியின் கழுத்தில் ஒரு அறுவைச் சிகிச்சை நடந்தது. குரல் வெறும் காற்றாகிவிட்டது. ‘இஞ்சாருங்கோ’ என்று வீடு முழுக்கக் கேட்கக் கூப்பிட்டவர், சமையலறை விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டுக் கணவரைக் கூப்பிடத் தொடங்கினார். சாப்பாடு, மருந்து, டொக்டரிடம் போகும் டெர்மின் எல்லாம் விளக்கால் சொல்லிவிடலாம். ஒருநாள் சித்தி என் காதோரம் வந்து, “எனக்கு அந்த மனுசனோட கதைக்க எவ்வளவோ கிடக்கு பிள்ளை. ஏலாமக் கிடக்கு” என்றார். அந்தக் கிழமையே சித்தப்பாவைக் கடைக்கு இழுத்து வந்தேன்.

கருவியைப் பொருத்தி, இன்றே போடத் தொடங்குங்கள், வீட்டில் அமைதியான இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அவரும் தலையாட்டினார். ஆனால் புதுச்சேலையையும் புதுக்காரையும் போல இதற்கும் ஒரு நல்ல நாள் வேண்டும் என்று இருவருமாக முடிவெடுத்திருக்கிறார்கள். கோயில் தேர்த் திருவிழா வரும்வரை கருவி சிமிழுக்குள் கிடந்தது. தேரன்று, அர்ச்சனை முடிந்த கையோடு, மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்று காதில் மாட்டியிருக்கிறார். தவில், நாதஸ்வரம், ஒலிபெருக்கி, சிதறு தேங்காய், பிள்ளைகளின் ஊதுகுழல் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்தன. மறுநாள் சிமிழைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“பிள்ளை, இது கேக்கிற மெசின் இல்லை. அடிக்கிற மெசின். எனக்கு வேண்டாம்.”

சிரிப்பு வந்தது, அதைவிட என்மீதே கோபம் வந்தது. ஜெர்மன்காரர்களை உட்கார வைத்து விளக்கும் விஷயத்தை, நம்முடைய ஆள்தானே என்று சித்தப்பாவுக்குப் பாதி பகிடியாகச் சொல்லி முடித்திருந்தேன். அன்றுதான் ஒழுங்காகச் சொன்னேன். காது எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கும். எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிப்பது மூளைதான். வருடக்கணக்காக அதற்கு அந்த வேலை இல்லை. இப்போது திடீரென்று எல்லாம் வர, எதைத் தள்ளுவது என்று தெரியாமல் திண்டாடுகிறது. அவர் நம்பாமல் பார்த்தார்.

“சித்தப்பா, உங்கட சேட்டுக் கொலர் கழுத்தில முட்டுறது தெரியுதோ?” என்று கேட்டேன்.

உடனே கழுத்தைத் தடவினார். “நீ கேக்கும்வரைக்கும் தெரியேல்லை. இப்ப கடிக்குது.”

“காலமை தொடக்கம் முட்டிக்கொண்டுதான் இருக்கு. தேவையில்லை எண்டு மூளை தள்ளி வச்சிருக்கு. சத்தத்தையும் அப்பிடித் தள்ளப் பழக்க வேணும்.”

பழக்கம் சமையலறையில் தொடங்கியது. தினமும் சித்தியும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து கதைக்க வேண்டும் என்பது என் கட்டளை. மூன்றாம் நாள் சித்தப்பா போன் எடுத்தார். அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பல வருடமாக அதே மூலையில் நிற்கிறது. அது உறுமுவது அவருக்கு அன்றுதான் தெரிய வந்தது. அதன் உறுமலில் மனுசியின் குரல் அமுங்கிப் போகிறது என்றார். பொறுங்கள், பழகிவிடும் என்றேன். பொறுக்கவில்லை. அடுத்த நாள் பிளக்கைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட மறந்துபோனார். உறைந்திருந்த மீனெல்லாம் இளகி, தண்ணீர் சமையலறைத் தரையில் ஓடியது. அன்று சித்தி திட்டிய திட்டில் ஒரு சொல்லும் தப்பாமல் தனக்குக் கேட்டதாக அவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

சில மாதம் கழித்து அங்கே போனேன். சித்தி காற்றுக் குரலில் ஏதோ சொல்லச் சொல்ல, சித்தப்பா சிரித்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பிரிட்ஜ் வழக்கம்போல உறுமிக்கொண்டுதான் இருந்தது. இப்போது அந்தச் சத்தம் எப்படி என்று கேட்டேன். “எந்தச் சத்தம்?” என்றார். சத்தம் அளக்கும் மீட்டரில் பார்த்தால் சித்தியின் குரலைவிட அதுதான் கூடவாக இருந்திருக்கும். ஒரு மனிதர் யாருடைய குரலைக் கேட்க வேண்டும் என்று இருக்கிறாரோ, அந்தக் குரலுக்காக மூளை மற்றதையெல்லாம் ஒதுக்கி வைக்கிறது என்று நான் பாடமாகப் படித்திருந்தேன். அதைக் கண்ணால் கண்டது அந்தச் சமையலறையில்தான்.

துளைகள் மட்டும் எத்தனை தடவை துடைத்தாலும் திரும்பச் சிவந்து வந்தன. சிமிழைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். காரணம் சிமிழ் இல்லை. தினமும் காலையில் சித்தி குளித்துப் பொட்டு வைத்துவிட்டு, அதே விரலால் கருவிகளை எடுத்து அவர் கையில் கொடுத்துவந்திருக்கிறார். நாளின் முதல் பேச்சு தன்னுடையதாக இருக்க வேண்டுமாம்.

போன மாரிக் குளிரில் சித்தி காலமானார்.

வசந்தம் தொடங்கிய பிறகு சித்தப்பா கடைக்கு வந்தார். சிமிழை மேசையில் வைத்தார். “பிரிட்ஜ் திரும்பக் கத்துது பிள்ளை. மெசினில ஏதோ பழுது போல. ஒருக்காப் பார்.”

கணினியில் இணைத்து எல்லாவற்றையும் சோதித்தேன். ஒன்றும் மாறவில்லை. அவருடைய காதும் முன்பிருந்தபடியே இருந்தது. அந்த உறுமலைக் கொஞ்சம் அமுக்க ஒரு வழி உண்டு. கை அதற்குப் போனது. ஆனால் இரண்டாம் முறையும் அவருக்குப் பாதி சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

“மெசின் நல்லா இருக்கு சித்தப்பா. சித்தி இல்லை. அதுதான் கேக்குது.”

அவர் தலையாட்டினார். “ஓம்” என்றார். “எனக்கும் அப்பிடித்தான் பட்டது.”

இனிச் சனிக்கிழமைகளில் மத்தியானம் சாப்பிட வாறன் என்று சொன்னேன். மீன் வாங்கி வைக்கிறன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குனிந்து கருவிகளைத் துடைக்கத் தொடங்கினேன். துளைகளில் சிவப்பே இல்லை, சாதாரணத் தூசிதான். சிமிழின் மூலையில் மட்டும் ஒரு பொட்டளவு ஒட்டியிருந்தது. பஞ்சை எடுத்த கையை, பக்கத்து மேசையிலிருந்த ஜெர்மன்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, சிமிழைத் துடைக்காமலே மூடி அவரிடம் கொடுத்தேன்.